வெள்ளை நானாவின் சஹன்

என்னைப் பற்றி ஊரில் யாரிடம் கேட்டாலும் நல்ல மனுசன், சிரிக்கச் சிரிக்கக் கதைப்பார் என்றுதான் சொல்வார்கள். பொறாமைக்காரன் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். நான் பொறாமைப்படும் அளவுக்கு எங்கள் ஊரில் அதுவரை யாரும் எதையும் சாதிக்காததுதான் அதற்குக் காரணம். அந்தக் குறையைத் தீர்ப்பதற்கென்றே கடல் கடந்து ஒருவர் வந்து சேர்ந்தார்.

சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் ஊர், தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட சனம் கற்பிட்டிப் பாதையோரம் ஓலைக் கொட்டில் போட்டு, பிறகு மெல்ல மெல்லக் கல்வீடாக்கிக்கொண்ட ஊர். பாடசாலையும், தகப்பனை இழந்த பொடியன்களுக்கான இல்லமும் ஒரே வளவுக்குள் இருந்தன. இரண்டையும் நடத்துவது ஊரார்தான். மீன் பிடிக்கிறவர் மீன் தருவார். உப்பளத்தில் வேலை செய்கிறவர் உப்புத் தருவார். தோட்டக்காரர் வெங்காயம் தருவார். தருவதற்கு ஒன்றுமில்லாத என்னைப் போன்றவர்கள் இங்கிலிஷ் படிப்பிப்பார்கள்.

வெளிநாட்டிலிருந்து தொண்டு செய்ய வருகிறவர்கள் எங்களுக்குப் புதிதல்ல. வேனில் வந்து இறங்குவார்கள். கொப்பி, பென்சில், பந்து, பதாகை எல்லாம் கூடவே இறங்கும். பொடியன்கள் வரிசையில் நின்று கை நீட்டுவார்கள். படம் எடுக்கப்படும். பின்னேரம் வேன் திரும்பிப் போய்விடும். ஒரு கையால் கொப்பியை வாங்கிக்கொண்டே எந்தப் பக்கம் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பது எங்கள் பொடியன்களுக்கு வாய்ப்பாட்டை விட நன்றாகப் பாடம்.

இவர் கொழும்பு பஸ்ஸில் வந்தார். போர்த்துக்கல்காரர். எங்கள் வாசல் நிலைகளில் எதுவும் அவர் உயரத்தை எதிர்பார்த்துக் கட்டப்பட்டதல்ல என்பதால் முதல் கிழமை முழுவதும் நெற்றியில் ஒரு புடைப்போடு திரிந்தார். முதுகில் ஒரு பை, அதுவும் பாதி காலி. இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரிய மௌலவிக்கு ஸலாம் சொல்லிவிட்டு, இந்த வெக்கையில் தன் கால்கள் நீளக் காற்சட்டைக்குள் அவிந்து போவதாகவும், யாராவது ஒரு சாரம் தந்தால் நல்லது என்றும் சைகையில் கேட்டார். கொடுக்க வந்த மனுசன் வந்த காலோடு சாரம் கேட்கிறார்! மௌலவி என்னைத் திரும்பிப் பார்த்தார். பெருநாளைக்கென்று வைத்திருந்த என் புதுச் சாரம் அன்றைக்கே போயிற்று. அவருக்கு அது முழங்காலுக்குக் கீழே நாலு விரல்தான் வந்தது.

அதைக் கட்டவும் அவருக்குத் தெரியாது. வயல் பொம்மை மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். அவர் இடுப்பு உயரம் கூட இல்லாத பொடியன்கள் சுற்றி நின்று இழுத்து, மடித்து, சொருகி, "வயித்த எக்குங்க நானா" என்று அதட்டினார்கள். எக்கினார். நானா என்றால் எங்களுக்கு அண்ணன். அன்றிலிருந்து அவர் வெள்ளை நானா.

அவர் படித்த முதல் தமிழ்ச் சொல் 'தாங்க'. மற்ற வெள்ளைக்காரர்கள் வணக்கம், நன்றி என்று மரியாதையாகத் தொடங்குவார்கள். இவர் தாங்க என்று தொடங்கி நெடுநாள் அதிலேயே நின்றார். தண்ணி தாங்க. ஊசி தாங்க. சவர்க்காரம் தாங்க. கேட்பதில் வெட்கம் என்பது அவருக்குக் கிடையாது. ஏழு வயதுப் பொடியனிடம் போய்க் குந்தியிருந்து சீப்பு கேட்பார். அவன் தன் பெட்டியைத் திறந்து, பல்லுப் போன சீப்பை எடுத்து, சட்டையில் துடைத்துக் கொடுப்பான். கொடுத்துவிட்டு என்னமோ தோட்டம் எழுதிக் கொடுத்தவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவான்.

இதுவரைக்கும் எனக்கு ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை வந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்தால் இல்லத்தில் சஹன் சாப்பாடு. சஹன் என்பது வண்டிச் சில்லு அளவில் ஒரு தட்டு. அதில் சோற்றைக் குவித்து, நடுவில் கறியை வைத்து, சுற்றி ஆறு பேர் பாயில் அமர்ந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். ஒவ்வொரு சஹனுக்கும் ஒரு பெரிய ஆள், ஐந்து பொடியன்கள். நடுவில் இருக்கும் இறைச்சியைப் பிய்த்து ஒவ்வொருவர் பக்கமும் தள்ளிவிடுவது பெரிய ஆளின் வேலை. யார் எந்தச் சஹனில் இருப்பது என்று ஒரு சட்டமும் இல்லை. கை கழுவியவுடன் பொடியன்கள் ஓடி வந்து விரும்பிய இடத்தில் விழுவார்கள்.

அந்த ஓட்டத்தில் எப்போதும் முதலில் நிரம்புவது என் சஹன். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன், வேறு எதற்கு? நான் மௌலவி மாதிரி தும்முவேன், பஸ் கொண்டக்டர் மாதிரி கூவுவேன், புத்தளத்துக் கழுதை மாதிரிக் கத்துவேன். என் சஹனில் இடம் பிடிக்கப் பொடியன்கள் சட்டை கிழியச் சண்டை பிடிப்பார்கள். மௌலவியின் சஹனில், பிந்தி வந்தவர்கள் பெருமூச்சோடு போய் அமர்வார்கள்.

வெள்ளை நானா வந்த முதல் வெள்ளி, முழு இல்லமும் அவர் பக்கம் ஓடியது. தூசி அடங்கியபோது என் சஹனில் இரண்டு பேர். ஒருவன் காலில் கட்டுப் போட்டிருந்ததால் ஓட முடியாதவன். மற்றவன் அரைத் தூக்கத்தில் இருந்தான், எங்கே இருக்கிறான் என்று அவனுக்கே தெரியாது. மௌலவியின் சஹனில் மூன்று பேர். மௌலவி என்னைப் பார்த்து ஆறுதலாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கமாட்டேன்.

"புதுசுதானே, கொஞ்ச நாளையில வெள்ளை வெளுத்துப் போகும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெளுக்கவில்லை. வெயிலில் சிவந்து, மேலும் பார்க்கத் தக்கதாகத்தான் ஆனது.

இங்கிலிஷ் வகுப்பில் அவரை எனக்கு உதவியாளராகப் போட்டார்கள். அவருடைய இங்கிலிஷ் என்னுடையதை விட மோசம் என்பதைக் கண்டுபிடித்த நாளில் நன்றிக்காக இரண்டு ரக்அத் சுன்னத் தொழலாமா என்று யோசித்தேன். 'சில்ட்ரன்ஸ்' என்றார். நான் எழும்பி, அப்படி ஒரு சொல் இல்லை என்று தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன். முன்வாங்கில் இருந்த ரிம்சான் கை உயர்த்தினான். எட்டு வயது இருக்கும், முன்பல் இரண்டும் விழுந்து முளைக்காதவன்.

"சேர், நீங்க இங்கிலிஷ் எங்க படிச்சீங்க?"

"புத்தளத்தில."

"அவர் அங்கேருந்தே வாறார் சேர்."

"எங்கேருந்து?"

"இங்கிலிஷ் ஆக்கள்ட நாட்டிலேருந்து."

உலகப் படத்தை எடுத்து விரித்தேன். இது இங்கிலாந்து, இது போர்த்துக்கல், நடுவில் கடல், வேறு நாடு எல்லாம் இருக்கிறது என்று விரலால் காட்டினேன். ரிம்சான் எட்டிப் பார்த்துவிட்டு, "பக்கத்திலதானே சேர்" என்றான். நாங்கள் புத்தளத்துக்கும் உடப்புக்கும் மட்டும் போய்வருகிறவர்கள், படத்தில் இரண்டு விரல் தூரம் எங்களுக்குப் பக்கம்தான்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வெள்ளை நானா எழும்பி நின்று, தன் நெஞ்சில் தட்டி, "நான் பிழை, சேர் சரி" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "சரி தாங்க" என்று கை நீட்டினார். நான் சரியான சொல்லைச் சொல்ல, அதைத் தட்டில் வாங்குவது போல வாங்கிக்கொண்டார். முழு வகுப்பும் கை தட்டியது. எனக்கல்ல. ஒரு மனுசன், மற்றவன் வசதியாகப் பொறாமைப்படுவதற்காகவாவது, ஒரேயொரு கெட்ட குணம் வைத்திருக்க வேண்டாமா?

இன்னொரு நாள் பொடியன்கள் அவருக்குப் பொருள்களின் பெயர் படிப்பித்தார்கள். கதிரை, மேசை, அலுமாரி, சப்பாத்து. ஒவ்வொரு சொல்லுக்கும் மனுசன் திடுக்கிட்டார். அலுமாரிக்கு எழும்பியே விட்டார். இதெல்லாம் எங்கள் பாசை, என் உம்மா வீட்டில் சொல்கிற சொல் என்றார். பொடியன்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"இல்ல நானா, இது எங்கட" என்றான் ரிம்சான். பிறகு மனம் இளகி, "உங்களுக்கு வேணுமெண்டா நீங்களும் வெச்சிக்கிடுங்க" என்றான்.

போர்த்துக்கேயர் கப்பலில் வந்த காலத்தில் இங்கே விட்டுவிட்டுப் போன சொற்கள் அவை என்று மௌலவி பிறகு விளக்கினார். விட்டுப் போனவரின் பேரன் அதைத் திரும்ப வாங்கும்போது இரண்டு கையாலும் வாங்கினார்.

அவருக்கு ஒரு தடவை காய்ச்சல் வந்தது. அதற்கு முந்திய வருடம் எனக்கும் வந்திருந்தது, ஒரு கிழமை கிடந்தேன். யாராவது வந்து பார்த்தால் "ஒண்டுமில்ல, சும்மா படுத்திருக்கிறன்" என்று சொல்லி பிளேன்டீ கொடுத்து அனுப்பிவிடுவேன். வெள்ளை நானா அப்படியா? ஐயோ என்று அழாக்குறையாக முனகினார். தண்ணி தாங்க, போர்வை தாங்க, தலையைப் பிடிச்சி விடுங்க. சமையல்கார மாமி கொத்தமல்லி அவித்துக் கொண்டு ஓடினார். பொடியன்கள் முறை வைத்துக்கொண்டு கால் பிடித்தார்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு நான் எட்டிப் பார்த்தபோது, கட்டிலைச் சுற்றி வட்டமாக இருந்து உரக்க யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். மௌலவி பதறிக்கொண்டு வந்தார்.

"காய்ச்சல்தான்டா மனுசனுக்கு! மௌத்தாப் போற ஆளுக்கு ஓதுற மாதிரி சுத்தி இருந்து ஓதுறீங்களே, பயப்படப் போறார்!"

வெள்ளை நானா கண்ணைத் திறந்து, மிக அழகான பாட்டு என்றும் இன்னும் கொஞ்சம் தாங்க என்றும் சொன்னார். ஓதினார்கள். மௌலவியும் அமர்ந்துவிட்டார்.

வீட்டில் நான் கதைத்ததெல்லாம் இதைத்தான். என் மனைவி ஒரு நாள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இஞ்ச பாருங்க, அந்த வெள்ளைக்காரனப் பத்திக் கதைக்காட்டி உங்களுக்குச் சோறு இறங்காதா? கலியாணம் முடிச்ச புதுசில என்னப் பத்திக் கூட நீங்க இவ்வளவு கதைக்கல்ல."

பொடியன்கள் ஏன் அவரிடம் ஓடுகிறார்கள் என்பதற்கு அந்தக் கிழமைதான் எனக்கு விடை கிடைத்தது. சமையல்கார மாமி பேச்சுவாக்கில் சொன்னார்: வெள்ளை நானா இறைச்சி தின்பதில்லை. மாமிக்கு அது பெரிய கவலை. எனக்கோ பெருநாள் பிறை கண்ட மாதிரி இருந்தது. கணக்கு இவ்வளவுதான்: அவர் சஹனில் ஆறு பேர் பங்கு இறைச்சி, தின்பவர் ஐந்து பேர். வீட்டுக்கு ஓடினேன்.

"பொடியன்மார் ஓடுறது அந்த ஆளுக்கில்ல, இறைச்சிக்கு!"

"அப்ப நீங்களும் இறைச்சிய விடுங்களன்" என்றாள்.

நகைச்சுவையாகத்தான் சொன்னாள். நான் அதைத் திட்டமாக எடுத்துக்கொண்டேன். அடுத்த வெள்ளி, கை கழுவும் இடத்தில் எல்லோர் காதிலும் விழும்படி, டொக்டர் இறைச்சி கூடாது என்று சொல்லிவிட்டதாக அறிவித்தேன். மூன்று பேர் வந்தார்கள். மாமி அன்றைக்குப் பார்த்து மாட்டிறைச்சியை மிளகு போட்டுச் சுண்டவைத்திருந்தார். நான் பருப்பைக் குழைத்துக்கொண்டு, பஸ் கொண்டக்டர் மாதிரிக் கூவினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசியில் காலில் கட்டுப் போட்டவன் மெதுவாகச் சொன்னான்.

"சேர், நீங்க இறைச்சியப் பாக்கிற பார்வையில எங்களுக்குத் தொண்டையால இறங்குதில்ல."

அதற்குப் பிறகு ஒரு கிழமை கச்சான் காற்று விடாமல் அடித்தது. ஒரு வள்ளமும் கடலுக்குப் போகவில்லை. அந்த வெள்ளிச் சாப்பாடு கொடுக்கும் முறையும் ஒரு மீன்காரக் குடும்பத்துக்குத்தான் வந்திருந்தது. அவர்களால் முடிந்தது சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், ஆளுக்கொரு அப்பளம். இறைச்சி இல்லை, மீன் கூட இல்லை. அன்று நான் தலை நிமிர்ந்து பாயில் அமர்ந்தேன். உண்மை வெளியே வரும் நாள்.

முழு இல்லமும் வெள்ளை நானாவிடம் ஓடியது.

என் சஹனில் நானும் காலில் கட்டுப் போட்டவனும்தான். அவனுடைய புண் அதற்குள் ஆறியிருந்தது. என் மேல் இரக்கப்பட்டுத்தான் வந்திருக்கிறான் என்று நினைக்க எனக்குச் சோறு கசந்தது. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெள்ளை நானா இருந்தார். நான் திரும்பவில்லை. முதுகு முழுக்கக் காதாக இருந்தேன்.

"பெருவிரலால தள்ளுங்க நானா. கைய முழுசா வாய்க்குள்ள போடாதீங்க."

"சிந்துறீங்க. ஆ... திறங்க, நான் தாறன்."

"தாங்க."

"எப்பிடி?"

"மிச்சம் நல்லம். இன்னும் ஒண்டு தாங்க."

"டேய், நீ ரெண்டு குடுத்திட்டாய். இப்ப என்ட முறை!"

பொறுக்க முடியாமல் திரும்பிப் பார்த்தேன். அங்கே சண்டை நடந்துகொண்டிருந்தது. என் சஹனில் இடம் பிடிக்க நடந்த சண்டையை விடப் பெரிய சண்டை. யார் அதிகம் தின்பது என்றல்ல, யார் கொடுப்பது என்று. தங்கள் பக்கத்துச் சோற்றைக் குழைத்து, அப்பளத்தை நொறுக்கிச் சேர்த்து, உருட்டி உருட்டி அந்த நெட்டை மனுசனின் வாயில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் ஒவ்வொரு உருண்டைக்கும் குனிந்து, வாயைத் திறந்து, வாங்கினார். அப்போது ரிம்சானின் குரல் கேட்டது.

"தின்னுங்க மகன். எலும்பும் தோலுமா இருக்கிறீங்க. ராவைக்குப் பசிக்கும்."

அது ரிம்சானின் குரல் அல்ல. அவனுடைய உம்மாவின் குரலாக இருக்க வேண்டும். அவள் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போன பிறகுதான் அவன் இல்லத்துக்கு வந்தான், நான் அவளைக் கண்டதில்லை. அன்று அவள் குரலைக் கேட்டேன்.

எனக்கு முன்னால் இருந்தவனுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். தன் அப்பளத்தைச் சோற்றின் மேலால் என் பக்கம் தள்ளினான். நான் யோசிக்கவே இல்லை, என் கை தானாகத் திருப்பித் தள்ளியது. "நீ தின்னு, வளர்ற புள்ள" என்று வாயும் தானாகச் சொன்னது. அகதியாக வந்து இறங்கிய காலத்தில், தட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்ற சின்னப் பொடியன்களில் நானும் ஒருவன். அந்தத் தட்டைக் கீழே வைத்த நாளிலிருந்து என் கை யாரிடமும் எதையும் வாங்கியதில்லை. அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அந்த அப்பளத்தை அவன் குனிந்த தலையோடு தின்று முடிக்கும் வரைக்கும்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி ஆச்சரியப்படவில்லை.

"இது இப்பதான் விளங்கிச்சா? பெருநாளைக்கு என்ட நானா ஆசையா உங்களுக்கு ஒரு சேட் தைச்சிக் கொண்டு வந்தார். விடியமுந்தி ரெண்டு சேட்டோட அவர்ட வீட்டு வாசல்ல போய் நிண்டீங்க. மனுசன் என்னோட ரெண்டு மாசம் கதைக்கல்ல."

"குடுத்தாப் பிழையா?"

"வாங்காட்டிப் பிழை."

இதைத் தெரிந்துகொண்டதால் என் பொறாமை குறைந்தது என்று நினைக்கவேண்டாம். கூடியது. அவர் நிறம் வெளுத்திருந்தால், அவர் இறைச்சி தின்னத் தொடங்கியிருந்தால், நான் வென்றிருக்கலாம். வாங்கத் தெரிந்த ஒருவரோடு நான் எப்படிப் போட்டி போடுவது? கழுதை மாதிரிக் கத்துவதைப் பழகுவது சுலபம். தனியாக இருக்கும்போது கண்ணாடிக்கு முன் நின்று வாயைத் திறந்து பார்த்தேன். பல் டொக்டரிடம் போனவன் மாதிரி இருந்தது.

அவருடைய விசா முடிந்தது. போகிற நாள் பொடியன்கள் ஒவ்வொருவரும் ஒன்று கொண்டு வந்தார்கள். சங்கு, பட்டம், களப்பில் பொறுக்கிய மீன்வலை மிதப்பு, பல்லுப் போன அதே சீப்பு. வேண்டாம் என்று ஒரு தடவை கூட அவர் வாயில் வரவில்லை. எல்லாவற்றையும் பையில் அடைத்தார். பை வாய் மூட மறுத்தது. என் சாரத்தைத் திருப்பித் தருவார் என்று நான் கொஞ்சம் எதிர்பார்த்தேன். அதை இடுப்பில் கட்டிக்கொண்டே பஸ் ஏறினார்.

அடுத்த வெள்ளி வந்தது. ஜும்ஆ முடிந்து கை கழுவினார்கள். ஒருவரும் ஓடவில்லை. வகுப்புக்குள் வருகிற மாதிரி வந்து, கண்ட கண்ட இடத்தில் அமர்ந்தார்கள். என் சஹனில் ஐந்து பேரும் நிரம்பியிருந்தார்கள், ரிம்சான் எனக்கு நேர் எதிரே. நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. இறைச்சியைப் பிய்த்து ஒவ்வொருவர் பக்கமும் தள்ளினேன். மௌலவி மாதிரித் தும்மினேன். வேனில் வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற அந்தச் சிரிப்பை எனக்குச் சிரித்தார்கள்.

ரிம்சான் சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தான். இறைச்சித் துண்டை நடுவில் வைத்து உருட்டினான். உருண்டையோடு கை பாதி தூரம் மேலே வந்துவிட்டது. பிறகுதான் அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கை அந்தரத்தில் நின்றது. கீழே வைக்கவும் மனமில்லை. மற்ற நாலு பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் என்ன சொல்வேன் என்பது அவர்களுக்குத் தெரியும். அது என் நாக்கு நுனியில் வந்து நின்றது.

வாயை மூடிக்கொண்டேன். பிறகு சஹனுக்கு மேலாகக் குனிந்து, திறந்தேன்.

ரிம்சான் உருண்டையைப் பார்த்தான், என் வாயைப் பார்த்தான், திரும்ப உருண்டையைப் பார்த்தான்.

"இன்னும் பெரிசாத் திறங்க சேர்" என்றான். "வெள்ளை நானா இதவிடப் பெரிசாத் திறப்பார்."